அட்டை மறைப்புக்குப் பின்னால்



இது வடிவமைப்புச் சிறப்பிதழ். சென்ற மாதம் அறிவிப்பு வந்ததிலிருந்து உங்கள் கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போனைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. வங்கிச் செயலியில் இருப்புத்தொகை எங்கே ஒளிந்திருக்கிறது, ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் கேப்ட்சா எழுத்து ஏன் இப்படி நெளிகிறது, கேஸ் பதிவு செய்ய எந்த எண்ணை எத்தனை தடவை அமுக்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். உள்ளே வரும் கட்டுரைகள் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். இந்தப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது தொடுதிரையே இல்லாத ஒரு முகப்பு. 16 நீலப் பொத்தான்கள், சில விளக்குகள், ஒரு பீப் சத்தம். ஓட்டு மெஷின்.

அதை நம்பலாமா கூடாதா என்ற விவாதம் நீதிமன்றங்களிலும் தெருமுனைகளிலும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இங்கே போகப்போவதில்லை. நான் பேசுவது அதன் முகத்தைப் பற்றி மட்டும்: ஒரு மனிதர் எதிரே வந்து நின்றால் அது அவருக்கு எதைச் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது.

ஒரு கருவியின் முகப்பைச் சோதிக்க வாக்குச்சாவடியைவிடக் கடினமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அட்டை மறைப்புக்குப் பின்னால் ஆள் தனியாக நிற்கிறார். ஓட்டு ரகசியம் என்பதால் யாரும் எட்டிப் பார்த்து “அதை இல்லைங்க, இதை அமுக்குங்க” என்று காட்ட முடியாது. ஐந்து வருடத்தில் சில தடவைதான் கைபடும் கருவி, பழக்கம் கைகொடுக்காது. தவறாக அமுக்கிவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. வெளியே வெயிலில் வரிசை காத்திருக்கிறது. உள்ளே வருகிறவர் மென்பொருள் எழுதுகிறவராக இருக்கலாம், கண்புரை விழுந்த எண்பது வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் அதே பெட்டி, அதே பொத்தான், அதே சில நொடிகள். யூ.ஐ., அதாவது முகப்பு வடிவமைப்பு, என்று இன்று கல்லூரிகளில் கற்றுத்தரும் சங்கதி அத்தனையும் இந்த ஒரு மேசைமேல் வைத்துப் பரீட்சிக்கப்படுகிறது.

இந்தப் பரீட்சையில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டம், 2000 நவம்பர் 7. அதிபர் பதவிக்கு அங்கே 10 பேர் போட்டி. அட்டையில் ஊசியால் துளை போட்டு ஓட்டளிக்கும் முறை. மாவட்டத்தில் வயதானவர்கள் அதிகம். அவர்களுக்குக் கண் தெரியட்டும் என்று தேர்தல் அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் பத்துப் பெயரும் ஒரே பக்கத்தில் கொள்ளவில்லை. எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பெயர்களைப் பிரித்துப் போட்டு, துளைகளை நடுவே ஒரே நேர்க்கோட்டில் வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சிச் சீட்டு என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இடப்பக்கத்தில் முதல் பெயர் ஜார்ஜ் புஷ். அடுத்தது அல் கோர். வலப்பக்கத்தில் முதல் பெயர் பேட்ரிக் புக்கானன். இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்து வருகிறவருக்கு கோர் இரண்டாவது ஆள். ஆகவே இரண்டாவது துளை. ஆனால் இரண்டாவது துளை புக்கானனுடையது. கோருக்கு மூன்றாவது. அம்புக்குறி போட்டிருந்தார்கள், எண் போட்டிருந்தார்கள். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே தபாலில் வீடுகளுக்குப் போயிருந்தது. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தபோது யாருக்கும் பெரிய குறை தெரியவில்லை. ஓட்டுப் போடும் நொடியில்தான் கண் தன் வழியே போயிற்று.

புக்கானனுக்கு அந்த மாவட்டத்தில் 3,407 ஓட்டு. இவற்றில் பல தனக்காகப் போடப்பட்டவையாக இருக்காது என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். அவசரத்தில் தவறைக் கண்டுபிடித்தவர்கள் சரியான துளையையும் சேர்த்துக் குத்தினார்கள். அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளை விழுந்து செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கும் மேல். மாநிலம் முழுவதிலும் புஷ் ஜெயித்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 537. அடுத்த ஆண்டு இந்தக் கணக்கை ஆராய்ந்த அரசியல் அறிவியல் அறிஞர்கள், கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஓட்டு புக்கானனுக்குப் போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஒரு சீட்டின் பக்க அமைப்பு ஒரு நாட்டின் தலைமையை மாற்றியிருக்கக்கூடும்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தத் தேர்தல் அதிகாரி கோரின் கட்சியைச் சேர்ந்தவர். எழுத்தைப் பெரிதாக்கியது நல்லெண்ணத்தால். படிக்க எளிதாக இருப்பது வேறு, பயன்படுத்த எளிதாக இருப்பது வேறு என்ற பாடத்தை அவ்வளவு பெரிய விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் என்று ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே விளக்கமாக எழுதிவிட்டார். பெயரும் துளையும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே பக்கத்தில், ஒரே திசையில் இருந்திருந்தால் அம்புக்குறியே வேண்டியிருக்காது. அம்பு போட்டுத்தான் புரியவைக்க வேண்டும் என்றால் அமைப்பில் ஏதோ கோணல் இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் பிறகு கூடி நல்ல வழிகாட்டுதல்கள் எழுதினார்கள்: எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் கத்தாதே, நடுவில் குவிக்காமல் இடப்பக்கம் ஒழுங்குபடுத்து, ஒரு போட்டியை இரண்டாக உடைக்காதே. ஆனாலும் அதே ஃப்ளோரிடாவில் 2018-ல் ப்ரோவர்ட் என்ற இன்னொரு மாவட்டத்தில், செனட் தேர்தலை நீளமான அறிவுரைப் பத்திக்குக் கீழே இடது மூலையில் அச்சிட்டுவிட்டார்கள். பல ஆயிரம் பேர் அந்தப் போட்டிக்கு ஓட்டே போடாமல் வந்துவிட்டார்கள். அறிவுரைகளை யாரும் படிப்பதில்லை. அதன் கீழே இருப்பதையும் அறிவுரை என்றே நினைத்துத் தாண்டிவிடுவார்கள்.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே வாயில் வருகிற பேச்சு ஒன்று உண்டு: “ஜனங்களுக்கு விவரம் போதாது.” இந்தப் பேச்சைத் தலைகீழாகப் புரட்டியவர்களில் முக்கியமானவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிறு தரையில் உரச விழுந்துகொண்டிருந்தன. இறக்கைத் தட்டை மடக்க வேண்டிய விமானி சக்கரத்தை மடக்கிவிடுகிறார். விமானியின் பிழை என்று கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். சபானிஸ் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் அடுத்தடுத்து, ஒரே உருவத்தில் இருந்தன. களைத்துப்போன கை எதைத் தொட்டாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சக்கர விசையின் முனையில் சின்னச் சக்கரம், தட்டு விசையின் முனையில் ஆப்பு வடிவம் என்று மாற்றச் சொன்னார். இன்றைக்கும் விமானங்களில் அந்த வழக்கம் தொடர்கிறது. விமானிகளுக்கு மறுபயிற்சி கொடுத்துச் சரிசெய்த விஷயமில்லை அது.

நம் நாட்டுக்கு வருவோம். 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1951 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 18 பேர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னும் அவருடைய ஆட்களும் ஜனங்கள் படித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேட்பாளருக்கு ஒரு இரும்புப் பெட்டி; பெட்டிமேல் சின்னம்; ஒரு ரூபாய் நோட்டு அளவுச் சீட்டை வேண்டிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுதவும் வேண்டாம், குறிக்கவும் வேண்டாம். பெட்டிகள் பெருகிச் சமாளிக்க முடியாமல் போனபோது, 1962-க்குள் எல்லாப் பெயரும் சின்னமும் ஒரே தாளில் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது.

அந்த முத்திரையை நினைவிருக்கிறதா? நான்கு கைகள் ஒரே பக்கமாக மடங்கிச் சுழல்வது போன்ற அம்புக்குறி. ஏன் வெறும் பெருக்கல் குறி போதவில்லை? மை காய்வதற்குள் தாளை மடித்தால் எதிர்ப்புறத்தில் இன்னொரு சின்னத்தின் மேலும் அச்சு ஒட்டிக்கொள்ளும். பெருக்கல் குறியாக இருந்தால் எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. ஓட்டு செல்லாமல் போகும். சுழலும் முத்திரையானால் ஒட்டிய அச்சு கண்ணாடி பிம்பமாக எதிர்த்திசையில் சுழலும். பார்த்ததும் பிடித்துவிடலாம். தாளை மடிக்கும்போது ஜனங்கள் கவனமாக இருப்பார்கள் என்று நம்பாமல், கவனமில்லாமல் மடிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு யோசித்த மூளை அது. யார் யோசித்தாரோ, அவருக்கு என் வணக்கம்.

தாள் இன்னும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். 2019-லும் அப்படித்தான். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நிறத்தைப் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம். “ரோஸ் சீட்டுல பூட்டு, பச்சைச் சீட்டுல ஆட்டோ” என்று ஊரில் மனப்பாடம் செய்கிறார்கள். நிறமும் உருவமும் சேர்ந்து ஒரு வாக்கியமாகிவிடுகிறது.

இனி மெஷின். ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல்., பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் அதை உருவாக்கின. 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதல் சோதனை. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 123 ஓட்டு. தோற்றவர் வழக்குப் போட்டார். சட்டத்தில் மெஷினுக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளிலும் தாளில் மறுவாக்குப்பதிவு நடந்து அவரே ஜெயித்தார். பிறகு சட்டம் திருத்தி, சில தொகுதிகளில் பார்த்து, 2001-ல் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல் முழுக்கவும், 2004-ல் நாடாளுமன்றத் தேர்தல் முழுக்கவும் அதில் நடந்தன.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த மெஷின் உருவானதில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் எஸ். ரங்கராஜன். நமக்கெல்லாம் சுஜாதா. சிக்கலான விஞ்ஞானத்தை முதல் வரியிலேயே பிடித்து இழுக்கிற மாதிரி எழுதியவர் பகலில் இந்த வேலையைப் பார்த்தார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். வெளித்தோற்றத்தையும் பயன்படுத்தும் விதத்தையும் வடிவமைத்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும். இவர்கள் பெயரைப் பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

அந்த முகப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வாக்காளர் முன் இருப்பது பேலட் யூனிட். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரி. வரிசை எண், பெயர், படம், சின்னம், விளக்கு, பொத்தான், பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண். எல்லாம் ஒரே கிடைக்கோட்டில், இடமிருந்து வலமாக. பாம் பீச்சில் கண் பாலம் தாண்ட வேண்டியிருந்தது. இங்கே விரல் சின்னத்திலிருந்து நேராக நகர்ந்தால் பொத்தான். 9 பேர் போட்டியிட்டால் நோட்டாவோடு 10 பொத்தான்தான் தெரியும்; மீதி ஆறும் வெள்ளை மூடிக்குள் போய்விடும். வேலையில்லாத பொத்தான் கண்ணில் படக்கூடாது என்ற இந்தச் சின்ன விஷயத்தை, வீட்டு டி.வி. ரிமோட் செய்கிறவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அலுவலர் தன் முன்னே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் பேலட் பொத்தானை அமுக்கினால்தான் வாக்காளரின் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். நான் தயார் என்று அர்த்தம். பொத்தானை அமுக்கியதும் அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு. கூடவே நீளமாக ஒரு பீப். அந்தச் சத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசுகிறது. வாக்காளரிடம் “உன் ஓட்டு விழுந்துவிட்டது” என்கிறது. மேசைக்கு அந்தப்புறம் இருக்கும் அலுவலரிடம் “அடுத்த ஆளை அனுப்பு” என்கிறது. யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் அது சொல்வதில்லை, ஏனென்றால் எந்தப் பொத்தானுக்கும் அதே சத்தம். யாருக்கு என்பதைச் சொல்லும் விளக்கு மறைப்புக்குள்ளேயே எரிந்து அணைகிறது. ஊருக்குத் தெரிய வேண்டியது காதுக்கு, தனக்கு மட்டும் தெரிய வேண்டியது கண்ணுக்கு.

பதற்றத்தில் நாலு தடவை அமுக்கினாலும் ஒரு ஓட்டுதான். முதல் அமுக்கலோடு மெஷின் பூட்டிக்கொள்ளும். அலுவலர் மறுபடி திறந்துவிட்டால்தான் உண்டு. இரண்டு சின்னத்திலும் முத்திரை, நடுக்கோட்டில் முத்திரை என்று செல்லாத ஓட்டுகளைக் குவியலாகப் பிரித்து வைத்த காலம் அத்தோடு போயிற்று. தவறு செய்யாதே என்று பலகை எழுதி மாட்டுவதைவிடத் தவறு செய்யவே முடியாமல் செய்துவிடுவது மேல். யாக்கோப் நீல்சன் என்ற டென்மார்க்குக்காரர் 1994-ல் முகப்பு வடிவமைப்புக்குப் பத்து விதிகள் எழுதினார். இன்றும் அதுதான் வேதம். நிலையைக் கண்ணுக்குக் காட்டு, பிழையை முன்கூட்டியே தடு, ஞாபகத்தை நம்பாமல் அடையாளத்தைக் காட்டு என்று அவர் எழுதுவதற்குப் பல வருடம் முன்பே நம் மெஷின் தயாராகிவிட்டது.

அலுவலர் பக்கத்துப் பெட்டியிலும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நாளெல்லாம் அமுக்க வேண்டிய பேலட் பொத்தான் கைக்கு எட்டும்படி வெளியே. வாக்குப்பதிவை முடித்துவைக்கும் பொத்தானுக்கு மேல் ஒரு மூடி. முடிவைக் காட்டும் ரிசல்ட் பொத்தான் இருக்கும் கதவுக்குள் ஒரு பச்சைத் தாள் முத்திரை. அந்தத் தாளைக் கிழித்துத்தான் விரல் உள்ளே போக முடியும். எண்ணும் நாளுக்கு முன்னால் யாராவது கை வைத்திருந்தால் கிழிந்த தாளே சாட்சி. எது அபாயமோ அது தூரத்தில், தடங்கலோடு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எளிதாக்குவதுதான் நல்ல வடிவமைப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பெட்டியை ஒருமுறை பார்க்கலாம்.

இன்னொரு விதத்தில் இது விசித்திரமான முகப்பு. காட்சித் தொடர்பு வகுப்பில் முதல் பாடமே முக்கியமானதைப் பெரிதாகவும் பளிச்சென்றும் காட்டு என்பதுதான். இங்கே அதைச் செய்தால் குற்றம். எல்லாப் பொத்தானும் ஒரே நீலம், ஒரே அளவு. எல்லாச் சின்னமும் கறுப்பு வெள்ளை. ஆளும் கட்சிக்கும் சுயேச்சைக்கும் அதே உயரத்தில் வரி. எதையும் தூக்கிக் காட்டாமல் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்ட வேண்டும். இதன் எதிர்முனையைத் தினமும் செல்போனில் பார்க்கிறோம். “ஆம், சம்மதம்” என்பது கொழுத்த பச்சைப் பொத்தான். “வேண்டாம்” என்பது சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010-ல் இதற்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். 2023 நவம்பரில் இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. தடை வந்த பிறகும் கூடையில் நான் வைக்காத காப்பீடு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சின்னங்களுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்று ஒரு வரைவாளர் இருந்தார். 1992-ல் ஓய்வு பெற்றவர். அதிகாரிகள் உட்கார்ந்து வீட்டிலும் வயலிலும் தெருவிலும் இருக்கும் பொருள்களாகச் சொல்லச் சொல்ல, இவர் பென்சிலால் வரைந்தார். தையல் மெஷின், மேசை விளக்கு, சீப்பு, ஏணி. நிழல் விழாத, விவரம் குறைந்த, தூரத்திலிருந்தே தெரியும் கோடுகள். நாடே அவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் பல பத்தாண்டுகள் ஓட்டுப் போட்டது.

நல்ல சின்னத்துக்கு என்ன லட்சணம் என்று தமிழ்நாட்டுச் சுவர்களைக் கேட்டால் சொல்லும். உதயசூரியனைச் சுண்ணாம்பிலும் காவியிலும் ஒரு பையன் இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடலாம். இரண்டு மலை, அரை வட்டம், சில கோடு. இரட்டை இலைக்கு விரலைக் காட்டினாலே போதும். 1989 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. சில வாரத்தில் புதுச் சின்னத்தை மனதில் பதிய வைக்க வேண்டிய கட்டாயம். ஊர் ஊராக நிஜச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. இன்றைய நிறுவனங்கள் செயலியின் அடையாளப் படத்தை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு, மறுநாள் நாம் தேடித் தவிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சின்னங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போனாலும் சங்கடம்தான். தங்கள் காருக்கும் சுயேச்சைகளின் ரோடு ரோலருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓட்டு மாறிவிழுகிறது என்று தெலங்கானாவில் அன்றைய டி.ஆர்.எஸ். கட்சி மறுபடி மறுபடி முறையிட்டது. பெரிய தாளில் பார்த்தால் இரண்டும் வேறுதான். கட்டைவிரல் அளவில், மங்கிய வெளிச்சத்தில், வயதான கண்ணுக்கு? வெளிக்கோட்டைத்தான் கண் முதலில் பிடிக்கிறது.

எல்லாம் சரி, இந்த முகப்புக்கும் மூச்சு முட்டும் இடம் உண்டு. நம் கொங்கு நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததில் வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச் சீட்டு புத்தகமாகிவிட்டது. மெஷின் காலத்தில் 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். நோட்டாவையும் சேர்த்தால் 78. ஒரு பெட்டிக்கு 16 என்றால் ஐந்து பெட்டி. மேசைமேல் ஐந்து பெட்டியை வரிசையாக வைத்தால் தன் ஆளைத் தேடுவதே ஒரு வேலை. அந்த முகப்பு 16 பேருக்காக யோசிக்கப்பட்டது. ஐந்து பெட்டிகளுக்கு இடையே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

ஒரே பெயரில் பலர் நிற்கும் தந்திரமும் பழையதுதான். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் சீட்டில் இருந்தார்கள். இப்படிப்பட்ட குழப்பத்துக்காகத்தான் 2015-லிருந்து வேட்பாளரின் படத்தைப் போடத் தொடங்கினார்கள். தபால் தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் யார் என்று கண்டுபிடிப்பது சுலபமாகவா இருந்தது? 2025-ல் பீகார் தேர்தலிலிருந்து வண்ணப் படம், படத்தில் முக்கால் பங்கு முகம், வரிசை எண் தடித்த 30 புள்ளி எழுத்தில், எல்லாப் பெயருக்கும் ஒரே எழுத்துரு என்று விதி வந்திருக்கிறது. பத்து வருடம் ஆயிற்று. ஆனாலும் வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தெரியும். பொத்தானில் இருக்கும் கண்ணைத் திருப்பி, பக்கத்துப் பெட்டியைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து படிப்பதற்குள் பலருக்கு அது விழுந்துவிடுகிறது. யாராவது இந்த 7-ஐக் கொஞ்சம் கூட்டினால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவையும் எழுதக் காரணம் ஒன்றுதான். ஓட்டு மெஷினை உருவாக்கியவர்களுக்கு, பக்கத்தில் நின்று உதவ ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும் வசதி இல்லாமல் போயிற்று. சட்டமே அதைத் தடுத்தது. பார்வையற்றவர் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம். ஆனால் பிரெய்ல் எண் இருப்பதால், வேண்டுமென்றால் அவரும் தனியாகவே முடித்துவிட்டு வரலாம். நம் வங்கிகளின் செயலிகளையும் அரசு இணையதளங்களையும் செய்கிறவர்களோ அந்த வசதியை மனதுக்குள் வைத்துக்கொண்டேதான் செய்கிறார்கள். புரியவில்லையா, பேரனைக் கேள். பேரன் ஊரில் இல்லையா, இ-சேவை மையத்துக்குப் போ.

ஏ.டி.எம். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஓய்வூதியம் எடுக்க வந்த பெரியவர் கார்டையும் நாலு இலக்க ரகசிய எண்ணையும் முன்பின் தெரியாத இளைஞனிடம் கொடுக்கிறார். “தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா.” பெரும்பாலான தம்பிகள் நல்லவர்கள். எல்லாரும் இல்லை என்பதை மறுநாள் பேப்பரில் படிக்கிறோம். அந்தப் பெரியவர்தான் தேர்தலுக்குத் தேர்தல் சாவடிக்குள் யார் துணையும் இல்லாமல் போய், தன் சின்னத்தை அமுக்கிவிட்டு, விரல் மையோடு வெளியே வருகிறார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? திரையில் மொழி மாறுகிறது. பொத்தானும் எழுத்தும் நேருக்கு நேர் நிற்பதில்லை. முடிந்ததா இல்லையா என்று மெஷின் தெளிவாகச் சொல்வதில்லை. யோசிப்பதற்குள் கார்டு வெளியே வந்துவிடுகிறது. முகப்பு கோணலாக இருந்தால் அவர் இழப்பது நேரத்தை மட்டும் இல்லை. தன் பணம் எவ்வளவு, தன் எண் என்ன, தன் மருந்து என்ன என்பதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையையும்தான்.

“எங்கள் செயலி மிகவும் எளிது” என்று யாராவது மார்தட்டினால் நான் கேட்க விரும்புவது இதுதான்: அதை ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் வைத்து, எழுபது வயதுக்காரர் ஒருவரைத் தனியாக அனுப்பி, வெளியே நின்று சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

இந்த இதழில் பேருந்துப் பெயர்ப்பலகைகள், மாத்திரை அட்டைகள், மின்கட்டண ரசீது ஆகியவற்றைப் பற்றி நம் எழுத்தாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மாத்திரை அட்டைக் கட்டுரையை முதலில் படிக்கச் சொல்வேன். காலாவதித் தேதியை வெள்ளிக் காகிதத்தில் அழுத்தி வைப்பவர்கள் யார் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

உங்களை மிகவும் படுத்திய முகப்பு ஒன்றைப் பற்றியும், யார் உதவியும் இல்லாமல் நீங்களே முடித்துவிட்ட ஒன்றைப் பற்றியும் எழுதுங்கள். லிஃப்ட், வாஷிங் மெஷின், ரேஷன் கடைக் கைரேகைப் பெட்டி, எதுவானாலும் சரி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், படம் வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கி அனுப்பினாலும் எங்கள் ஓவியர் புரிந்துகொள்வார். செல்போன் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கணக்கு எண்ணையும் ஓ.டி.பி.யையும் மறைத்துவிட்டு அனுப்பவும்.

அன்புடன்,
ஆசிரியர்